பில்டெக்கில் இருபத்தைந்து வருடம்

நோர்வேஜிய மொழியில் கார் டயருக்கு 'பில்டெக்' என்று பெயர். கப்பலில் கார்களை ஏற்றி நிறுத்துகிற கீழ்த்தளத்துக்கும் அதே பெயர், அதே எழுத்து. ஒரு சொல்லை இரண்டு சாமானுக்கு வைத்துவிட்டு, வந்தேறிய நாங்கள் பாஷை படிக்கவில்லை என்று குறை சொல்வார்கள். இதை முதலே சொல்லிவிடுகிறேன். எனக்கும் என் கணவருக்கும் இது தெரியாமல் போனதால் வந்த கூத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

என் கணவர் பாலேந்திரன். ஒஸ்லோவில் ஆல்னாப்ரூ பக்கத்தில் ஒரு டயர்க் கடையில் இருபத்தைந்து வருடம் வேலை செய்தவர். கோண்டாவிலில் இருந்து அகதியாக வந்து, வடக்கே பனிக்குள் மூன்று வருடம் மீன் வெட்டி, பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கி வந்து அந்தக் கடையில் நின்றவர் நின்றவர்தான். இந்த நாட்டில் வருடத்துக்கு இரண்டு முறை எல்லாக் காருக்கும் டயர் மாற்ற வேண்டும். குளிருக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று. அந்த இரண்டு சீசனிலும் மனிதரை வீட்டில் காண முடியாது. கோவில் தேருக்குப் போனால்கூட முதலில் தேரின் சில்லைத்தான் பார்ப்பார், சாமியைப் பிறகுதான் பார்ப்பார். வாகனத் தரிப்பிடத்தில் யாராவது கூப்பிட்டு, "பாலேந்திரண்ணை, இது இன்னும் ஒரு வருசம் ஓடுமோ?" என்று கேட்டால் பெருவிரலை டயரின் வெட்டுக்குள் வைத்து அழுத்திப் பார்த்து, "ஓடாது" என்பார். அவர் ஓடாது என்றால் ஓடாதுதான்.

போன நவம்பரில் அந்தக் கட்டடத்தை விற்றுவிட்டார்கள். இடித்துவிட்டு வீடுகள் கட்டப்போகிறார்களாம். முதலாளிக்கும் வயது போய்விட்டது, அவர் வேறு இடம் பார்க்கவில்லை. என் மனிதர் கடைசி நாள் வேலை உடுப்பைக் கழுவி மடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். வந்து ரொம்சோஸில் எங்கள் வீட்டுச் சோபாவில் படுத்தார்.

படுத்தவர் எழும்பவில்லை. எனக்கு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. காலையில் போகும்போது எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாரோ மாலையில் வரும்போதும் அந்தப் பக்கமே படுத்திருப்பார். வேலை அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். விண்ணப்பம் போட்டார், பதிலே வரவில்லை. "அம்பத்தெட்டு வயசுக்காரனை ஆர் எடுப்பினம்? உமக்கு விசரே?" என்று கேட்டார். நான் கத்தினேன். கெஞ்சினேன். ஒரு நாள் கோபத்தில் போர்வையைப் பிடுங்கிப் பல்கனியில் எறிந்தேன். அவர் போர்வை இல்லாமலே படுத்துக்கொண்டார்.

ஏப்ரலில் சீசன் வந்தது. எங்கள் கட்டடத்துக்குக் கீழே எல்லோரும் ஜாக்கி வைத்து டயர் மாற்றுகிறார்கள், அந்தச் சத்தம் மேலே கேட்கிறது. அவர் எழும்பி யன்னலைச் சாத்திவிட்டு மறுபடி படுத்தார். அன்றுதான் எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. இந்த மனிதருக்கு இந்த வருடத்துக்குள் ஒரு வேலை கிடைக்காவிட்டால் இவர் இனி எழும்பமாட்டார் என்று தெரிந்தது. சாப்பிடுவார், கதைப்பார், உயிரோடுதான் இருப்பார். ஆனால் எழும்பமாட்டார்.

அந்தக் கிழமைதான் படுத்தபடியே கைபேசியில் ஒரு வேலை விளம்பரத்தைக் கண்டார். நோர்வேயின் சாண்டெபியூர் துறைமுகத்தில் இருந்து சுவீடனின் ஸ்ட்ரோம்ஸ்டாட்டுக்குப் போய்வருகிற கார்க் கப்பல். பில்டெக்குக்கு ஆட்கள் தேவை, பில்டெக் அனுபவம் இருந்தால் நல்லது என்று போட்டிருந்தது. மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கப்பலுக்குள்ளை டயர் வேலை என்னத்துக்கு?" என்று நான் கேட்டேன்.

"ஒரு தடவைக்கு நூற்றுக்கணக்கான கார் ஏறுது. ஒண்டு ரெண்டு பஞ்சர் ஆகாதோ? அதை விடும், துறைமுகத்துக் கரை முழுக்க டயர் தொங்கவிட்டிருக்கிறாங்களே, அதை ஆர் பாக்கிறது?"

எனக்கும் சரியென்றுதான் பட்டது. எங்கள் மகள் யதுர்ஷா பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் விஷயத்தைச் சொல்லியிருப்பாள். அவள் பேர்கனில் படிக்கிறாள். தோல்வியை மகளுக்குச் சொல்லக் கூச்சப்பட்டு, இவர் யாரிடமும் கேட்காமல் தானே எழுதி அனுப்பினார். 'பில்டெக்கில் எனக்கு இருபத்தைந்து வருட அனுபவம் உண்டு' என்பதுதான் முதல் வரி. நான்கு நாளில் பதில் வந்துவிட்டது. கணினியில் முகம் பார்த்துப் பேசும் நேர்முகம், செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு.

அன்று எனக்கு விடுமுறை. அவர் குசினி மேசையில் கணினியை வைத்து, மேலே சேட்டும் கீழே சாரமுமாக உட்கார்ந்தார். நான் படத்துக்குள் தெரியாத மூலையில் நின்று கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தேன். திரையில் வந்தது ஒரு பெண், கப்பலின் துணை அதிகாரி. பெயர் சிரி. நோர்வேயில் அது சாதாரணப் பெயர்தான். ஆனால் முகத்தைப் பார்த்தால், பெயர் வைத்த அன்றோடு சிரிப்பை விட்டுவிட்டவள் மாதிரி இருந்தாள்.

"பில்டெக்கில் இருபத்தைந்து வருடம். இப்படி ஒருவர் எங்களுக்கு விண்ணப்பித்ததே இல்லை" என்றாள்.

இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நன்றி" என்றார்.

"கோடையில் மட்டுமா, வருடம் முழுவதுமா?"

"இரண்டுக்கும் செய்வேன். கோடைக்கு வேறு, குளிருக்கு வேறு."

"நிச்சயமாக. ஒரு நாளில் எத்தனை வாகனம்?"

"சீசனில் நாற்பது. ஒருமுறை ஐம்பத்திரண்டு."

"அவ்வளவுதானா? எத்தனை பேர் வேலை செய்தீர்கள்?"

"இரண்டே இரண்டு பேர்."

"ஓகோ, அப்படியானால் அது அதிகம்தான். லொறிகளும் உண்டா?"

"லொறியும் செய்வேன். ஆனால் பாரம். முதலில் தூக்க வேண்டும்."

"தூக்குவதா?"

"தூக்காமல் எப்படிக் கழற்றுவது?"

"எதைக் கழற்றுவது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பில்டெக்கை" என்றார் என் மனிதர்.

எனக்கு அப்போதுதான் மண்டைக்குள் உறைத்தது. முன்பு ஒருமுறை டென்மார்க்குக்குக் கப்பலில் போனபோது, கார் நிறுத்தும் தளத்துக்குப் போகும் கதவில் இந்தச் சொல் எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஐயோ, மானம் போச்சு! அகப்பையைப் போட்டுவிட்டு மூலையில் நின்றபடி கையைக் காட்டி, நிறுத்துங்கோ நிறுத்துங்கோ என்று சைகை செய்தேன். அதற்குள் அவருக்கும் விளங்கிவிட்டது. அவள் கப்பல் தளம் என்று விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். இவருடைய முகம் காற்றுப் போன டயர் மாதிரி வற்றிக்கொண்டே போனது. கத்தரிக்காய் கருகுகிற மணம் வந்தும் நான் அசையவில்லை.

"மன்னிக்க வேண்டும். நான் டயர்க்காரன். கப்பல் எனக்குத் தெரியாது. உங்கள் நேரத்தை வீணாக்கிவிட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கணினியை மூடக் கையை வைத்தார்.

"பொறுங்கள். ஒரு கேள்வி. ஒரு கார் உங்களை நோக்கி வருகிறது. நீங்கள் எதைப் பார்ப்பீர்கள்?"

"சில்லை."

"ஏன், ஓட்டுகிறவரின் முகத்தைப் பார்க்கமாட்டீர்களா?"

"ஆட்கள் இடப்பக்கம் பார்த்துக்கொண்டு வலப்பக்கம் திருப்புவார்கள். சில்லு அப்படிச் செய்யாது."

அவள் குனிந்து எதையோ எழுதினாள். "புதிதாக வருகிறவர்களுக்கு அதைப் பழக்க எனக்கு மூன்று கிழமை எடுக்கிறது. வியாழக்கிழமை காலைக் கப்பலில் ஒருமுறை போய்வாருங்கள். வேலை தருவதாகச் சொல்லவில்லை, பார்ப்போம் என்றுதான் சொல்கிறேன்" என்றாள்.

கணினியை மூடியவர் நேரே சோபாவுக்குப் போனார். வியாழக்கிழமையும் தெரியாது, கப்பலும் தெரியாது என்று முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டார். "உவள் நல்ல பகிடி கிடைச்சுதெண்டு கூப்பிடுறாள். நான் போய் அங்கை நாலு பேர் சிரிக்கவோ?"

"அவளின்ரை முகத்தைப் பாத்தீங்களே? அவள் சிரிக்கிற ஆளே?"

கத்தினால் பலிக்காது என்று ஆறு மாதத்தில் படித்திருந்தேன். "சரி, நீங்கள் படுங்கோ. வியாழக்கிழமை நான் காரைக் கொண்டு தனியப் போறன். சுவீடனிலை கோழி மலிவு" என்றேன்.

தலையணையில் இருந்து முகம் மெல்ல இந்தப் பக்கம் திரும்பியது. "நீர் தனியக் கப்பலுக்குள்ளை கார் ஓட்டுவீரோ?"

"ஓட்டுவன்."

"கீழை தரிப்பிடத்திலை விடவே நாலு தரம் வெட்டுறனீர்!"

"அஞ்சாம் தரம் சரியா விடுறனான்தானே."

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு மனிதர் சவரம் செய்து நின்றார். வேலைக்காக வரவில்லையாம், என் ஓட்டத்தை நம்ப முடியாமல் வருகிறாராம். எதற்காக வந்தால் என்ன, வந்தாரே. இரண்டு பிட்டுப் பார்சல் கட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

துறைமுகத்தில் சிரி எங்களைத் தேடி வந்தாள். நேரில் இன்னும் உயரமாக இருந்தாள். இவருக்கு ஒரு மஞ்சள் மேலங்கியும் தலைக்கவசமும் கொடுத்துத் தன்னோடு கூட்டிப்போனாள். நான் காரை ஏற்றிவிட்டு மேலே போய்ச் சிற்றுண்டிச்சாலையில் இருந்தேன். இரண்டரை மணி நேரப் பயணம். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சுவீடனில் பன்றி இறைச்சியும் இனிப்பும் வாங்கப் போகிற சந்தோஷத்தில் இருந்தார்கள். கடல் நல்ல அமைதி. எனக்குத்தான் பிட்டு இறங்கவில்லை. கீழே மனிதர் என்ன செய்கிறாரோ, எதையாவது கழற்றப் பார்க்கிறாரோ என்று ஒரே யோசனை.

சுவீடனில் இறங்கும்போது அவரைக் கண்டேன். ஓர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் காட்டினேன், காணாதவர் மாதிரி நின்றார். நான் கடைக்குப் போய்க் கோழி வாங்கினேன். வாங்கப்போகிறேன் என்று சொன்னேன் அல்லவா, சொன்னால் வாங்க வேண்டும். திரும்பி வந்து கப்பலில் ஏறும் வரிசையில் நின்றேன்.

எனக்கு முன்னால் ஒரு நோர்வேஜியக் கிழவர், காருக்குப் பின்னால் கட்டில், அடுப்பு எல்லாம் உள்ள பெரிய வீட்டு வண்டியை இழுத்துக்கொண்டு. வரிசை நகர்ந்தது. கிழவர் சாய்வுப் பாலத்தில் பாதி ஏறினார். அப்போதுதான் பார்க்கிறேன், மேலே கையை நீட்டி வாகனங்களைக் கூப்பிடுவது என் மனிதர்! சிரி சோதித்துப் பார்க்கிறாள் போல, பத்தடி தள்ளி நிற்கிறாள்.

கிழவர் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, இன்னும் வரலாமா என்று கேட்டார். இவர் தலையை ஆட்டினார். எங்கள் ஆட்கள் ஆட்டுவார்களே, இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக, ஓம் ஓம் வாங்கோ என்று, அந்த ஆட்டு. முப்பது வருடம் இந்த நாட்டில் இருந்தும் அது போகவில்லை. டயர்க் கடையில் குனிந்து சில்லோடு பேசினவருக்கு அது போகவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

நோர்வேஜியருக்கு அந்த ஆட்டு 'இல்லை' என்று அர்த்தம். கிழவர் பிரேக்கை அழுத்தினார். இவருக்கு விளங்கவில்லை, இன்னும் பலமாக ஆட்டினார். கை வா என்கிறது, தலை வராதே என்கிறது. கிழவர் பயந்துபோய்ப் பின்னுக்கு எடுக்கத் தொடங்கிவிட்டார். பின்னுக்கு எடுத்தால் வீட்டு வண்டி நேராகவா வரும்? அது பாலத்துக்குக் குறுக்கே மடிந்து நின்றது. அதன் பின்பக்கம் என் காரின் மூக்குக்கு இரண்டு முழம். எனக்குப் பின்னால் ஒருவர் ஹோர்ன் அடித்தார், பிறகு எல்லோரும் அடித்தார்கள்.

சிரி ஓடிவந்தாள். "வரச் சொல்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா?" என்று கத்தினாள். இவருடைய முகத்தைப் பார்த்தேன். குசினி மேசையில் கண்ட அதே முகம். கை மெல்ல மேலங்கியின் கொளுக்கிக்குப் போனது. கழற்றப்போகிறார். கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு வந்து காரில் ஏறிவிடுவார், அதற்குப் பிறகு ஒரு நாளும் எங்கேயும் வரமாட்டார்.

நான் கண்ணாடியை இறக்கி, கழுத்தை வெளியே விட்டு, துறைமுகமே கேட்கக் கத்தினேன்.

"இஞ்சருங்கோ! தலையை ஆட்டாதேங்கோ! அவங்களுக்கு அது இல்லையெண்டெல்லோ விளங்குது!"

அவர் திகைத்துப்போய்த் தலைக்கவசத்தைத் தொட்டுப் பார்த்தார். சிரி என் பக்கம் வந்து, என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். "எங்கள் ஊரில் ஓம் என்றாலும் தலை அப்படித்தான் ஆடும். பிழை தலையில்தான், கையில் இல்லை. கையைப் பார்த்தீர்களா, சரியாகத்தான் காட்டினார்" என்று நோர்வேஜியத்தில் மூச்சுவிடாமல் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், குலுங்கிக் குலுங்கி! எனக்கும் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. "மறுபடியும். கை மட்டும். தலை வேண்டாம்" என்றாள்.

மனிதர் தலைக்கவசத்தின் வாரை இறுக்கினார். கடவுச்சீட்டுப் படத்துக்கு நிற்கிறவர் மாதிரித் தாடையை நிமிர்த்திக்கொண்டார். பிறகு வீட்டு வண்டியின் அருகே வந்து குனிந்து சில்லுகளைப் பார்த்தார். கிழவரின் முகத்தைப் பார்க்கவே இல்லை. இடது கையால் ஒரு சைகை, வலது கையால் இன்னொன்று. கொஞ்சம் முன்னுக்கு, நிறுத்து, திருப்பு, இன்னும் கொஞ்சம் முன்னுக்கு. மூன்றே தரத்தில் மடிந்து நின்ற வண்டி நூல் பிடித்த மாதிரி நேராகி மேலே போனது. பின்னால் ஹோர்ன் அடித்தவர்கள் அடங்கிவிட்டார்கள். கிழவர் போகிறபோது பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

அடுத்தது நான்.

உண்மையைச் சொல்கிறேன். கல்யாணம் கட்டி இருபத்தாறு வருடத்தில், கார் விஷயத்தில் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. வலப்பக்கம் என்றால் ஏன் என்று கேட்பேன். அன்று அவர் என்னைக் கூட்டிப்போய் நிறுத்தச் சொன்ன இடம் ஒரு லொறிக்கும் இரும்புத் தூணுக்கும் நடுவில். பக்கத்துக்கு ஒரு சாண்கூட இராது. வேறொரு நாள் என்றால் இறங்கி நின்று சண்டை பிடித்திருப்பேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காரின் முன்சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய கையைப் பார்த்தேன். கை சொன்னபடி திருப்பினேன், கை சொன்னபடி நிறுத்தினேன். ஒரே தரத்தில் கார் உள்ளே போனது.

நான் ஒடுங்கி நெளிந்து வெளியே வந்தபோது சிரி பக்கத்தில் நின்றாள். "ஜூன் இரண்டாம் திகதி தொடங்கலாம். அதற்கு முன்னால் ஒரு கிழமை பாதுகாப்புப் பயிற்சி, ஒரு டாக்டர் சான்றிதழ். இப்போதைக்குக் கோடைக்கு மட்டும். அவரிடம் சொல்லிவிட்டேன், கணக்கெடுக்காதவர் மாதிரி நிற்கிறார். அவருக்கு விளங்கியதா என்று நீங்கள் ஒருமுறை கேளுங்கள்" என்றாள்.

எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. அவரிடம் ஓடினேன். அவர் ஒரு லொறியின் சில்லுக்குக் கட்டை வைத்துக்கொண்டிருந்தார். "இஞ்சருங்கோ, அவள் சொன்னது விளங்கினதோ? உங்களுக்கு வேலை..." என்று கையைப் பிடிக்கப் போனேன். அவர் நிமிர்ந்தார். என்னைத் தாண்டி, காருக்குள் கைப்பை தேடிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தைப் பார்த்து நோர்வேஜியத்தில் சத்தமாக, பயணிகள் எல்லோரும் உடனே பில்டெக்கை விட்டு மேலே போகவேண்டும் என்றார். நானும் அவர்களோடு சேர்த்துத்தான் என்று எனக்கு உறைக்கவில்லை. அங்கேயே நின்றேன்.

"உமக்கும்தான் சொல்லுறன்" என்றார். குரலில் ஒரு கண்டிப்பு. டயர்க் கடையில் கேட்ட பழைய குரல். "இஞ்சை நிக்கேலாது. நான் வேலையிலை நிக்கிறன். கெதியா மேலை போம்."

ஆறு மாதம் எழும்புங்கோ எழும்புங்கோ என்று கத்தின வாயால் ஓம் என்று மட்டும் சொன்னேன். சொன்னபடி போனேன். படியில் எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்து, ஏன் அழுகிறீர்கள், ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். ஒன்றுமில்லை, என் கணவர் என்னைத் துரத்திவிட்டார் என்றேன்.